மூன்றாம் பருவப் புத்தகம்

“எனக்குப் படிப்பு ஏறலக்கா” என்று சொல்லும்போது அவள் இடுப்பில் தம்பி இருந்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை. நழுவிக்கொண்டே இருந்தவனை ஓர் எம்பு எம்பி மேலே தூக்கி வைத்துக்கொண்டே பேசினாள். 2025 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு சர்ஜாப்பூர் சாலையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பின்னால் இன்னொரு அடுக்ககம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையாட்களுக்காகத் தகரத்தில் அடித்த கொட்டகைகள் எங்கள் பின்சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. குப்பை போடப் போன நான் தமிழ்க் குரல் கேட்டு நின்றேன். எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன். அரூர் பக்கம் என்றாள். நாலாவது என்றாள். அப்புறம் நான் கேட்காமலே, “இப்ப போகல, நின்னுட்டேன்” என்றாள். ஏன் என்றதற்குத்தான் அந்தப் பதில். அதில் வருத்தமே இல்லை. எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்று சொல்வதுபோல, தன்னைப் பற்றிய ஒரு விவரமாகச் சொன்னாள்.

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தை அது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாராவது கேட்டால் “எனக்குப் படிப்பு ஏறல” என்றுதான் சொல்வாள். என் சித்தி சொல்வாள். எங்கள் தெருவில் ஆடு மேய்த்தவர்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனவர்கள் எல்லோருடைய அம்மாக்களும் அதையேதான் சொன்னார்கள். மாங்காயில் உப்பு ஏறவில்லை என்று சொல்கிற அதே தொனி. உப்பு யார் போட்டது, எவ்வளவு போட்டது, எத்தனை நாள் ஊறவிட்டது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. மாங்காய் சரியில்லை, முடிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி இந்தத் தீர்ப்பை எங்கிருந்து பெற்றாள், யார் அதை அவளிடம் கொடுத்தார்கள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊரில் அப்படி இல்லை

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அலுவலகத்தில் ஒரு பேச்சு. உடன் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர், தன் கிராமத்தில் தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகள் நின்றுவிடுவது சாதாரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அந்தப் பிரச்சினை தீர்ந்து ரொம்ப நாளாகிறது என்றேன், கொஞ்சம் பெருமையோடு. 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 1989இல் வந்த முட்டை, 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவு என்று வரிசையாக அடுக்கினேன். உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. சத்துணவுக் கூடத்துப் புகை வாசனையில் படித்து வந்தவள்தான் நானும். ஆனால் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொன்னதை இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

அந்தப் பிள்ளைக்கும் பள்ளிச் சோறு பிடித்திருந்தது. காலையில் என்ன போடுவார்கள் என்று கேட்டதும் முகமே மாறிவிட்டது. “புதன்கிழமை பொங்கல் போடுவாங்க. சாம்பார் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல நல்லா இருக்கும்” என்றாள். டீச்சரையும் பிடிக்கும். அடிக்கவே மாட்டார்களாம். பள்ளியும் வீட்டுக்குப் பக்கம்தான், ஓடினால் தம்பி அழுது முடிப்பதற்குள் போய்விடலாம் என்றாள். சோறு இருக்கிறது, டீச்சர் நல்லவர், தூரமில்லை, பிள்ளைக்குப் போக ஆசையும் இருக்கிறது. நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

அவள் அம்மாவிடம் ஒரு நாள் மாலை பேசினேன். முதலில் தவறாகத்தான் ஆரம்பித்தேன். பிள்ளையை ஏன் படிக்க வைக்கவில்லை என்று கேட்டேன். அவர் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டியபடியே, “இவனை யாருக்கா பாத்துக்குவா?” என்றார். அவர் கேட்டது உண்மையான கேள்வி. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. பிறகு மெதுவாக அவரே சொன்னார். ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் சாமையும் போடுவார்கள். தை பிறந்துவிட்டால் நிலத்தில் வேலை இல்லை, அடுத்த ஆடிப்பட்டம் வரை காசும் இல்லை. மேஸ்திரி மார்கழியிலேயே வந்து முன்பணம் கொடுத்துவிடுவார். பொங்கல் முடிந்த வாரம் சட்டி பானையோடு பஸ் ஏறினால் விடிகாலையில் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் இறங்குவார்கள். அவர் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறார், இவர் சித்தாள் வேலை. வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குத் திரும்பினால் அப்புறம் ஆறேழு மாதம் ஊர். மூத்தவன் ஏழாவது படிக்கிறான், அரசு நல விடுதியில் இருக்கிறான். இவளை? “பொம்பளப் பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது? விடுதியில நாலாவதுல இருந்துதான எடுத்துக்கறாங்க.”

அதைக் கேட்டபோது ஒரு செய்தியாகத்தான் காதில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளில்தான் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கிறது. சரியாக அந்த மூன்று வருடங்களுக்குத்தான், பெற்றோர் வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்க அந்த விடுதியில் இடம் இல்லை.

காபம்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு முறுக்கை நாட்காட்டித் தாளில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வருடா வருடம் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் தினசரி நாட்காட்டி அது. கிழித்த தாள்களை வீசாமல் அடுப்படியில் செருகி வைப்பேன். முறுக்கைத் தம்பி கையில் ஒன்று, தன் வாயில் ஒன்று என்று பங்கிட்டுவிட்டு, எண்ணெய் ஊறின அந்தத் தாளை முழங்காலில் வைத்து நீவினாள். கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன் போட்டிருக்குமே, அதை விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். “கடகம்... வரவு. மகரம்... நட்பு. கன்னி... பயம். மீனம்... பாராட்டு.” தடங்கலே இல்லை. இவளுக்கா படிப்பு ஏறவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்து, “தனுசு... சலவு” என்றாள். சரி, அவசரத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். “கும்பம்... வற்றி. விருச்சிகம்... காபம்.” நிமிர்ந்து என்னைப் பார்த்து, “காபம்னா என்னக்கா?” என்றாள்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். கோபம் என்று இருந்தது. திருத்திச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது செலவு, வெற்றி, கோபம் என்று அந்த மூன்று சொற்களும் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கொம்பு. அவள் தப்பாகப் படிக்கவே இல்லை. தனக்குத் தெரியாத குறியை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். ‘கோ’வில் முன்னால் நிற்கும் கொம்பை எடுத்துவிட்டால் க, அதற்குப் பக்கத்தில் ஒரு கால். கா. காபம். வரிசையில் முதலில் இருக்கும் மேஷத்தை அவள் விரல் ஏன் தாண்டிப் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஞாயிறு. சுவர் ஓரமாக உட்கார்ந்து, உடைந்த செங்கல் துண்டால் சிமெண்டுத் தரையில் ‘பட்டி’ என்றும் ‘பெட்டி’ என்றும் எழுதினேன். இரண்டையும் பட்டி என்றே படித்தாள். இரண்டும் ஒன்றா என்றதற்கு, “இதுல முன்னாடி ஒரு சுழி போட்டிருக்கீங்க” என்றாள். அதற்குப் பேர் தெரியுமா என்றேன். தெரியவில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற பேர்களையே கேட்டதில்லை. அஆஇஈ சொல்லச் சொன்னால் பன்னிரண்டையும் ராகமாகச் சொன்னாள். ஆனால் ஊ வரைதான் அவளுக்கு எழுத்து. எ தொடங்கி அது வெறும் பாட்டு. பன்னிரண்டு உயிரில் முன் ஆறு அவளிடம் இருந்தன, பின் ஆறு இல்லை. உயிர்மெய் 216இல் சரிபாதி, 108. கொம்பு வரும் அத்தனையும்.

வரிசைப்படி நடத்திக்கொண்டு போகிற வகுப்பில் கால், விலங்கு, சுழி எல்லாம் முடிந்து கடைசியில்தான் கொம்பு வரும். அதற்குள் வருடம் முக்கால்வாசி ஓடியிருக்கும். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருந்ததா என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். தம்பியை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி உட்காரவைத்தாள்.

“மூணாம் பருவப் புத்தகத்துல இருந்திருக்கும்கா. அது நான் வாங்கினதே இல்ல.”

“ஏன்?”

“பொங்கலுக்கு அப்புறம்தான குடுப்பாங்க. அப்ப நாங்க இங்க வந்துடுவோம்.”

அரும்பும் மொட்டும்

2012இல் பாடப்புத்தகத்தை மூன்று பருவங்களாகப் பிரித்தபோது நான் சந்தோஷப்பட்டவள். புத்தகப் பை கனக்கக் கூடாது, பிள்ளைகள் முதுகு வளையக் கூடாது என்பதற்காகச் செய்தது. நல்ல காரியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு புத்தகம், டிசம்பர் வரை ஒன்று, ஏப்ரல் வரை ஒன்று. இந்தப் பிள்ளையின் தகப்பனும் தாயும் பஸ் ஏறுகிற மாதமும் மூன்றாம் புத்தகம் கைக்கு வருகிற மாதமும் ஒன்றாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? பள்ளியின் வருடம் ஜூனில் தொடங்குகிறது, மானாவாரி நிலத்தின் வருடம் ஆடியில் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. நடுவில் மாட்டிக்கொள்வது ஆறு வயதுப் பிள்ளை.

அவள் கதையை மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். 2021–22இல் ஒன்றாம் வகுப்பு. கொரோனாவால் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். திறந்தபோது இவள் பெங்களூருவில் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆக, ஒன்றாம் வகுப்பு மொத்தமே இரண்டு மாதம். இரண்டாம் வகுப்பில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. கொரோனா விட்டுப்போன ஓட்டையை அடைக்க அதைவிடச் சரியான யோசனை இருக்க முடியாது. அவளும் அதில் இருந்தாள். “ஜூன்ல அரும்புல உக்கார வெப்பாங்க. அரைப் பரீட்சைக்குள்ள மொட்டுக்கு வந்துடுவேன். அப்புறம் பொங்கல் வந்துடும்.” அடுத்த ஜூனில் மறுபடி அரும்பு. நடுவில் இருக்கும் ஐந்து மாதத்தில் புத்தகத்தையே பார்க்காத பிள்ளைக்குப் படித்தது எப்படி நிற்கும்? மூன்று வருடமும் ஜூனில் அரும்புதான். மலர் என்ற கூட்டத்தில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நாலாம் வகுப்பில்தான் நின்றது. ஊரில் ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பும் இரண்டு அறையில். அரும்புப் பிள்ளைகளோடு கீழே வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் இவள் தோளுக்குக் கீழே இருந்தார்கள். “நான்தான்கா பெருசு. எங்க பெரியப்பா பையன் ஒண்ணாவது. அவன்கூட உக்காரணும்.” யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். டீச்சர் திட்டினார்களா? இல்லை. அவன் வீட்டுக்கு வந்து, ‘அக்காவும் நானும் ஒரே க்ரூப்பு’ என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் வயிற்று வலி, இன்னொரு நாள் ஆட்டுக்குத் தழை, அப்புறம் தம்பிக்குக் காய்ச்சல். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு போகவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. அவளாகவும் ஒரு நாளில் முடிவெடுக்கவில்லை. வீட்டில் யாரோ, “இவளுக்கு எங்க படிப்பு ஏறுது” என்று சொல்லியிருக்கிறார்கள். அது வேலையைச் சுலபமாக்கிவிட்டது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் அவமானம் இல்லாமல் வீட்டில் இருக்கலாம்.

இதில் என்னை ரொம்பக் கலங்கடித்தது இன்னொன்று. இத்தனை நாளும் அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. “பேரு இருக்குக்கா, பேரு போகல” என்று அவள் அம்மா ஏதோ சேமிப்பு இருக்கிறது என்பதுபோல் நம்பிக்கையாகச் சொன்னார். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் பெயிலாக்குவதில்லை. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று பெயர் வருடா வருடம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. இடைநிற்றல் கணக்கு பெயர்களை வைத்துப் போடுவது. அந்தக் கணக்கில் இவள் ஒரு வருடம்கூட நின்றதே இல்லை. எந்தக் கணக்கை வைத்து நான் அந்தப் பீகார்க்காரரிடம் பெருமை பேசினேனோ, அதில் இவளும் ஒரு புள்ளியாக இருந்திருக்கிறாள். இதைச் சொன்னால் உடனே, அதனால்தான் பெயிலாக்க வேண்டும் என்கிறோம் என்று கிளம்புவார்கள். 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் பெயிலாக்க வழி செய்தாயிற்று. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, ஏற்காததும் சரிதான். இவளை ஒன்றாம் வகுப்பில் பெயிலாக்கியிருந்தால் நாலாம் வகுப்பில் வந்த கூச்சம் இரண்டு வருடம் முன்பே வந்திருக்கும். வேறென்ன நடந்திருக்கும்?

வறுமை, அறியாமை, பெண் பிள்ளை, பெற்றோரின் அக்கறையின்மை என்று நாம் எழுதும் காரணங்கள் எல்லாம் பொய் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய சொற்களுக்குள் ஒற்றைக்கொம்பு தெரியவே தெரியாது. வராத நாள் ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எடுத்துக் காட்ட முடியும், எழுதிக் காட்ட முடியும்.

அம்மாவின் கழித்தல்

இதையெல்லாம் ஒரு ராத்திரி அம்மாவிடம் போனில் கொட்டினேன். அம்மா திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். வயது 63. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கும் அப்படித்தான்” என்றாள். உனக்குத்தான் படிப்பு ஏறவில்லையே என்றேன், சின்ன வயதிலிருந்து கேட்ட பழக்கத்தில். அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “யாரு சொன்னா ஏறலன்னு?” நீதானே சொல்வாய் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அப்புறம் சொன்னாள். நாலாம் வகுப்பில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நேரம். மாமா பிறந்த சமயமும் அதுதான். பாட்டி எழுந்து நடமாட ஒரு மாதம் ஆனது, அறுப்பு ஒரு மாதம். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனால், கரும்பலகையில் வாத்தியார் கடன் வாங்கிக் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தாராம். மேல் எண்ணை அடித்து அடித்துப் பக்கத்தில் வேறு எண் எழுதுகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டதற்கு, ‘கடன் வாங்கணும்’ என்றாள். யாரிடம் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. “அதுக்கப்புறம் வந்த கணக்கு எல்லாத்துலயும் அது வந்துச்சுடி. வகுத்தல்லயும் வந்துச்சு. அஞ்சாவது முடியுற வரைக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சே உக்காந்திருந்தேன்.”

அம்மா கடையில் மிச்சக் காசு எண்ணுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆயிரம் ரூபாயில் 637 போனால் எவ்வளவு என்றால் கழிக்கவே மாட்டாள். கீழிருந்து ஏறி வருவாள். 637க்கு மூணு போட்டா 640, அறுபது போட்டா 700, முந்நூறு போட்டா ஆயிரம். 363. விரல் மடக்குவதற்குள் சொல்லிவிடுவாள். கிராமத்துக் கணக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். நாலாம் வகுப்பில் தவறவிட்ட ஒரே ஒரு பாடத்தை ஐம்பது வருடமாகச் சுற்றிக்கொண்டு போக அவள் தானே கண்டுபிடித்த வழி அது என்பது எனக்கு அன்று வரை தெரியாது. இவ்வளவு கூர்மையான மூளைக்காரி தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்திருக்கிறாள். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பால்கனியில் நின்றேன். கொட்டகைகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இங்கே என்ன செய்ய முடிந்தது

முதலில் பக்கத்து அரசுக் கன்னடப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை நல்லவர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, தாராளமாக வரட்டும் என்றார். 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது. ஆனால் டி.சி. என்ற சொல்லைக் கேட்டதுமே பிள்ளையின் அம்மா பயந்துவிட்டார். ஊரில் பெயர் போய்விட்டால் திரும்பச் சேர்க்காமல் விட்டுவிட்டால்? இருக்கும் ஒரே பிடி அந்தப் பெயர்தான். சரி, சும்மா போய் உட்காரட்டும் என்று டீச்சரே வழி சொன்னார். தம்பியையும் தூக்கிக்கொண்டு நாலு நாள் போனாள். அவன் வகுப்பில் அழுதான். அதுவும் போக, ஒரு மொழியில் பாதி எழுத்தோடு நிற்கும் பிள்ளைக்கு இன்னொரு மொழியின் எழுத்தை முதலிலிருந்து வைத்தால் என்ன ஆகும்? பஸ் பலகைகளைப் பார்த்துக் கன்னடம் படித்தவள் நான். கன்னடத்தில் குறிகள் எழுத்தோடு ஒட்டியே வரும். முன்னால் நின்று, பின்னால் ஒலிக்கிற தமிழ்க் கொம்பு அதில் கிடையாது. அதை அங்கே யாராலும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நான் அறிந்த தமிழ்வழிப் பள்ளிகள் எல்லாம் அல்சூர், ஸ்ரீராமபுரம் என்று பழைய பெங்களூரில் இருக்கின்றன. சர்ஜாப்பூர் சாலைப் பிள்ளைக்கு அவை வேறு ஊர்.

அடுத்தது தம்பி. அப்போது நடப்பில் இருந்த 1996ஆம் வருடத்துக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. வேலையிடத்து மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒவ்வொரு மேஸ்திரியிடமும் பத்து, பன்னிரண்டு பெண்கள்தான் இருக்கிறார்கள், ஐம்பது எங்கே என்றார். காலையில் ஷிப்டுக்கு நுழையும்போது நான் எண்ணிய தலைகள் எழுபதுக்கு மேல். பால்குடி மறந்த ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆயாவும் இருந்திருந்தால், விடுதலையாகியிருப்பது ஒன்பது வயதுப் பிள்ளை. தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தச் சட்டத்தைப் பேசி நான் கேட்டதில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, சூளை ஓரத்திலேயே வகுப்பு வைத்து, ஒடிய மொழிப் புத்தகம் வரவழைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில். நம்மால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. வந்த பிள்ளைக்குச் செய்தது போல, போன பிள்ளைக்கும் செய்யலாம். பொங்கலுக்குப் பஸ் ஏறும் குடும்பம் எது என்று அந்த ஈராசிரியர் பள்ளியின் டீச்சருக்கு மார்கழியிலேயே தெரியும். மேஸ்திரிக்குத் தெரிவது போல.

நான் செய்தது ரொம்பச் சின்னது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்று முதல் நாலு வரை நாலு வகுப்புக்கும் மூன்றாம் பருவத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். முதல் புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள். ‘மூன்றாம் பருவம்’ என்பதை விரல் வைத்துக் கூட்டினாள். கொம்பு இல்லாத சொற்கள், தடங்கல் வரவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு அவள் அம்மா வேலை முடித்துத் தம்பியை வாங்கிக்கொண்டதும் சுவரோரம் வந்துவிடுவாள். மூன்று வாரத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வந்துவிட்டன. இணைக்கொம்பு ஒரே நாள். ஔ கொஞ்சம் படுத்தியது, அது எல்லோரையும் படுத்துவதுதான். ஒரு நாள் கையில் கசங்கின நாட்காட்டித் தாளோடு ஓடி வந்தாள். அந்த முறுக்குத் தாள். “அக்கா, மேஷம்!” என்றாள். எண்ணெய்க் கறையில் எழுத்து பாதி அழிந்திருந்தது.

வைகாசியில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனார்கள். 2025 ஜூன் 2 அன்று பள்ளி திறந்தது. அன்று மாலை அவள் அப்பா நம்பருக்குப் போன் செய்தேன். ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். மாதம் ஒருமுறை பேசுகிறோம். சில வாரம் ஐந்து நாளும் போகிறாள், சில வாரம் இரண்டு நாள். தம்பி நடக்கிறான், அதனால் இன்னும் கஷ்டம், தூக்கி வைத்திருந்தால் போதும் என்ற காலம் போய் இப்போது பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது என்கிறாள். போன வாரம் பேசும்போது, மேஸ்திரி வந்துவிட்டுப் போனார் என்றாள். “தை பொறந்ததும் வந்துடுவோம்கா. அதே இடம்தான், பக்கத்து பில்டிங்.” என்னைப் பார்க்கப்போகிற சந்தோஷம் குரலில் தெரிந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

அம்மாவிடம் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகம் அச்செடுக்கப் போகிறேன் என்றேன்.

“தமிழ் மட்டுமா எடுக்கற?”

“ஆமாம்மா.”

“கணக்கும் எடு” என்றாள். “கடன் வாங்கிக் கழிக்கறது அவளுக்குத் தெரியுமான்னு கேட்டியா?”

கேட்டிருக்கவில்லை.